முட்டி வலிக்கு எந்த ஊசி? ஸ்டீராய்டு, ஜெல், பி.ஆர்.பி. – ஓர் ஒப்பீடு

மாத்திரை கேட்கவில்லை, அறுவைக்கு மனம் ஒப்பவில்லை என்ற கட்டத்தில்தான் பெரும்பாலும் ஊசிப் பேச்சு வரும். மருத்துவர் மூன்று பெயர்களைச் சொல்வார்: ஸ்டீராய்டு, ஜெல், நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பி.ஆர்.பி. சில இடங்களில் ஸ்டெம் செல் என்று நான்காவதாக ஒன்றும் சேரும். ஸ்டீராய்டு விலை குறைவு, ஜெல் அதைவிடப் பல மடங்கு, பி.ஆர்.பி. பெரும்பாலும் அதற்கும் மேல், ஸ்டெம் செல் எல்லாவற்றுக்கும் உச்சத்தில். விலை கூடக் கூட பலனும் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முட்டி ஊசிகளில் அந்தக் கணக்கு சரிப்பட்டு வராது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேய்ந்துபோன குருத்தெலும்பை மறுபடி வளர்த்துக் கொடுக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட ஊசி இன்றுவரை கிடையாது. எல்லா ஊசியும் வலியைக் குறைக்கத்தான் பார்க்கின்றன. சில வாரமோ சில மாதமோ வலி குறைந்த காலத்தை அவை நமக்கு வாங்கித் தருகின்றன. அதனால் "எந்த ஊசி நல்ல ஊசி?" என்று கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த முட்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது? கிடைக்கப்போகும் அந்த நாட்களை வைத்து என்ன செய்யப் போகிறோம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஊசியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த வேலை.

வலி உண்மையிலேயே மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா?

இங்கே பேசுவது வயதோடு வரும் முட்டித் தேய்மானத்தைப் பற்றி. முட்டியில் வலிப்பதெல்லாம் தேய்மானம் ஆகாது. இடுப்பு மூட்டு கெட்டிருந்தால் வலி முட்டியில் தெரியலாம். முட்டிக்குக் கொஞ்சம் கீழே, உள்பக்கமாக, விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுளீரென்று வலித்தால் அது தசைநாருக்கு அடியில் உள்ள சிறு பையின் வீக்கமாக இருக்கலாம். அந்த வலிக்கு மூட்டுக்குள் எதைச் செலுத்தினாலும் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. ராத்திரியோடு ராத்திரியாக முட்டி சிவந்து வீங்கித் தொடவே முடியாமல் போனால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம். அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். தொற்று உள்ள மூட்டில் ஸ்டீராய்டு போடவே கூடாது.

எக்ஸ்ரே அறிக்கையில் ‘கிரேடு 2’, ‘கிரேடு 4’ என்று எழுதியிருப்பார்கள். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் வகுத்த அளவுகோல் அது. 0 என்றால் தேய்மானம் இல்லை. 4 என்றால் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் ஆள் படும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் பி.ஆர்.பி., ஜெல் இரண்டையும் யோசிப்பவர்கள் தங்கள் கிரேடைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 4-ல் இருக்கும் முட்டிக்கு இந்த இரண்டிலும் பணத்தைப் போடுவதில் பெரும்பாலும் பயனில்லை.

ஸ்டீராய்டு: வேகமாகக் கேட்கும், சீக்கிரம் தீரும்

மூட்டுக்குள் ஹைட்ரோகார்டிசோன் செலுத்தும் முறையை 1951-ல் ஜோசப் ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். முட்டிக்குப் போடும் ஊசிகளில் அதிக காலம் புழங்கி, நல்லது கெட்டது இரண்டும் நன்றாகத் தெரிந்துவிட்ட ஊசி இதுதான். இப்போது பெரும்பாலும் ட்ரையாம்சினோலோன் அல்லது மெத்தில் பிரெட்னிசோலோன். மூட்டின் உள்ஜவ்வில் ஏற்பட்ட அழற்சியை இது அடக்குகிறது. அதனால்தான் வீங்கி, சூடாகி, நீர் கோத்து நிற்கும் முட்டியில் இதற்கு மதிப்பு அதிகம்.

அம்மாவுக்கு இந்த ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். முட்டிச் சிப்பியின் வெளிப்பக்க விளிம்பை மருத்துவர் விரலால் தடவி, சிப்பிக்கும் தொடை எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தைக் கண்டுபிடித்துக் குறி வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று முறை மருந்து தொட்டுத் துடைத்தார். முதலில் வெறும் சிரிஞ்சோடு ஊசியை ஏற்றி, உள்ளே தேங்கியிருந்த நீரை இழுத்தார். வைக்கோல் நிறத்தில், விரலில் தொட்டால் நூல் இழுக்கும் பதத்தில் அது வந்தது. நல்ல முட்டியில் இந்தத் திரவம் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். ஊசியை வெளியே எடுக்காமல் சிரிஞ்சை மட்டும் மாற்றி மருந்தைச் செலுத்தினார். எல்லாம் சேர்த்துச் சில நிமிடம். அந்த நீரை எடுத்ததிலேயே அம்மாவுக்கு இறுக்கம் பாதி விட்டுவிட்டது. முட்டியில் நீர் கோத்திருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் ஊசி போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த நீர் கலங்கலாகத் தெரிந்தால் ஊசியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஸ்டீராய்டோடு மரத்துப்போகும் மருந்தையும் பெரும்பாலும் கலந்தே போடுகிறார்கள். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. ஊசி போட்ட முதல் சில மணி நேரம் வலி சுத்தமாக மறைந்தால், வலியின் ஊற்று மூட்டுக்குள்தான் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில்கூட வலி இம்மியும் குறையாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்பவர்கள் குறைவு. அவருக்கு அது மிகவும் உதவும். பிறகு மரப்பு விலகி வலி திரும்பும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு நாள் ஆகும்.

எவ்வளவு நாள் தாங்கும்? இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 10 வாரம் வரையிலான குறுகிய நிவாரணம் என்கிறது. மற்ற மருந்துகள் கேட்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ, உடற்பயிற்சி செய்ய உதவியாகவோ இதை யோசிக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

அடிக்கடி போட்டால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. 2017-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 140 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ட்ரையாம்சினோலோன், மற்றதற்கு வெறும் உப்புநீர் ஊசி, இரண்டு ஆண்டுகளுக்கு. முடிவில் ஸ்டீராய்டு பிரிவில் குருத்தெலும்பு சராசரியாக 0.21 மில்லிமீட்டரும் உப்புநீர் பிரிவில் 0.10 மில்லிமீட்டரும் மெலிந்திருந்தது. வலியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் வலியை அளந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். முதல் சில வாரங்களில் கிடைத்த நிவாரணம் அந்தக் கணக்கில் விழவே இல்லை. ஆகவே ஸ்டீராய்டே கூடாது என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று காலண்டரைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போகக் கூடாது என்று நிச்சயம் சொல்லலாம். ஒரே முட்டியில் இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது மூன்று மாத இடைவெளி என்பது பரவலான வழக்கம். ஆண்டுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஊசியை விட்டுவிட்டு அடுத்ததை யோசிக்கும் நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க: ஊசி போட்ட பிறகு சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை ரத்தச் சர்க்கரை எகிறும். மூட்டுக்குள்தானே போடுகிறார்கள் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. சர்க்கரை ஏற்கனவே கட்டுக்குள் இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவைக் கூட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முகம் சிவந்து காந்துவது, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பது, ஓரிரு நாள் வலி கூடுவது ஆகியவையும் சிலருக்கு வரும், தானே சரியாகும். தோல் வெளுப்பு மட்டும் மாதக்கணக்கில் நிற்கலாம்.

இன்னொன்று மிக முக்கியம். மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்துவிட்டவர்கள், அல்லது அடுத்த சில மாதங்களில் செய்துகொள்ளப் போகிறவர்கள், நடுவில் இந்த ஊசியைப் போடக் கூடாது. ஊசிக்கும் அறுவைக்கும் இடையே மூன்று மாதமாவது வேண்டும். இல்லையென்றால் புதிய மூட்டில் தொற்று வரும் ஆபத்து கூடுகிறது.

ஜெல் ஊசி: பெயர் பெரிது, பலன் சிறிது

ஹையலுரானிக் அமிலம் என்பது மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே உள்ள பொருள். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். தேய்மானம் வந்த முட்டியில் இதன் அடர்த்தியும் பிசுபிசுப்பும் குறைந்துவிடுகிறது. அதை வெளியிலிருந்து ஈடுகட்டலாம் என்பதுதான் ஜெல் ஊசியின் அடிப்படை. ஒரே தடவை போடுவதும் உண்டு, வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து வரை போடுவதும் உண்டு. வண்டிக்கு கிரீஸ் அடிப்பது போலத்தான் என்று விளக்குவார்கள். கேட்க எளிதாக இருப்பதால் மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் செலுத்திய ஜெல் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உள்ளே இருந்து உராய்வைக் குறைக்கிறது என்ற படம் சரியல்ல.

2022-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 169 ஆய்வுகளை, 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரிய, போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 100 புள்ளி வலி அளவுகோலில் ஜெல் கூடுதலாகக் குறைத்தது சுமார் 2 புள்ளி. அந்த அளவு வித்தியாசத்தை ஒருவர் மாடிப்படி ஏறும்போது உணரவே முடியாது. கடுமையான பக்கவிளைவுகளும் ஜெல் பிரிவில் சற்று அதிகம். நைஸ் இதைத் தர வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் அகாடமி 2021-ல், வழக்கமாக எல்லோருக்கும் போட வேண்டாம் என்றது.

அப்படியென்றால் ஜெல் போட்டு நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. முட்டி ஊசிகளில் வெறும் உப்புநீரே வலியைக் கணிசமாகக் குறைக்கிறது. அதோடு, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். அந்த உச்சம் தானாகவும் இறங்கும். அவர்களுக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது. அதற்கு ஜெல்லின் விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்பேன். சர்க்கரை கட்டுக்கடங்காதவர், ஸ்டீராய்டு முன்பே கேட்காதவர், தேய்மானம் ஆரம்ப நிலையில் உள்ளவர், இவர்கள் நிலவரம் தெரிந்தே ஒருமுறை முயன்று பார்க்க விரும்பினால் அதைத் தடுக்க மாட்டேன். சில ஜெல் ஊசிகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுகின்றன. முட்டை, கோழி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஜெல் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ முட்டி பயங்கரமாக வீங்குவதும் உண்டு. பார்க்கத் தொற்று மாதிரியே இருக்கும், அதனால் நீரை எடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும்.

பி.ஆர்.பி.: முடிவாகாத வழக்கு

நம் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். வெளியே எடுக்கும்போது குழாயின் அடியில் சிவப்பணுக்கள் கெட்டியாகப் படிந்திருக்கும், மேலே தெளிந்த மஞ்சள் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெளுத்த படலம். அந்தப் படலத்தை ஒட்டிய பகுதியில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் செறிந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்து முட்டியில் செலுத்துகிறார்கள். அவற்றிலிருந்து வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள் அழற்சியைத் தணிக்கும் என்பது எதிர்பார்ப்பு. நம் ரத்தமே என்பதால் ஒவ்வாமைப் பயம் மிகக் குறைவு, சர்க்கரையும் ஏறாது. இந்த இரண்டும் உண்மையான சாதகங்கள்.

பலன் விஷயத்தில்தான் இழுபறி. ஜெல்லோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் ஆறு மாதம், ஓராண்டு கழித்து பி.ஆர்.பி. கொஞ்சம் மேலாக நின்றது. ஆனால் ஜெல்லே உப்புநீரைவிட நூலிழைதான் மேல் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே உப்புநீரோடு ஒப்பிட்ட ஆய்வுதான் கேள்விக்கு நேரான பதில். ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து நடந்த அப்படியொரு ஆய்வு 2021-ல் ஜாமாவில் வந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து 10 புள்ளி அளவில் வலி பி.ஆர்.பி. பிரிவில் 2.1 குறைந்தது, உப்புநீர் பிரிவில் 1.8 குறைந்தது. குருத்தெலும்பின் அளவிலும் வித்தியாசம் இல்லை.

இதற்கு பி.ஆர்.பி. போடுபவர்கள் தரும் பதிலையும் கேட்க வேண்டும். அந்த ஆய்வில் பயன்படுத்திய பி.ஆர்.பி.யில் பிளேட்லெட் செறிவு போதாது, எல்லா பி.ஆர்.பி.யும் ஒன்றல்ல என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு ரத்தம் எடுப்பது, எத்தனை முறை சுழற்றுவது, வெள்ளணுக்களை விடுவதா நீக்குவதா என்று இடத்துக்கு இடம் முறை மாறுகிறது. ஆனால் இதே நியாயம் அவர்களுக்கு எதிராகவும் திரும்புகிறது: உங்களுக்குப் போடப்போகும் பி.ஆர்.பி. நல்ல முடிவு கொடுத்த ஆய்வில் இருந்ததைப் போன்றதுதானா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அமெரிக்க ருமட்டாலஜி (மூட்டுவாத மருத்துவ) அமைப்பு 2019-ல் முட்டிக்கு பி.ஆர்.பி. வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. எலும்பு அறுவை அகாடமி 2021-ல் வலியைக் குறைக்கலாம் என்று பலவீனமான ஆதரவு தந்தது. வல்லுநர்களே இப்படிப் பிரிந்து நிற்கிறார்கள்.

தேய்மானம் 1, 2-ல் உள்ளவர், எடையைக் குறைத்து, பயிற்சியும் செய்து பார்த்தவர், பலிக்காமல் போனாலும் அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் முயலலாம். கடன் வாங்கிப் போட வேண்டாம். போடுவதானால் ஒரு வாரம் முன்பிலிருந்தே இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் அவை பிளேட்லெட் வேலையைத் தடுக்கும். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுபவர்கள் தாமாக அதை நிறுத்தவே கூடாது, இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாள் முட்டி விண்ணென்று தெறிக்கும். பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாகலாம், அதற்குள் மனம் தளர வேண்டாம்.

ஸ்டெம் செல்

வேண்டாம். 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த 475 பேர் ஆய்வில், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தது, கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடியிலிருந்து எடுத்தது என்று மூன்று வகையையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. குருத்தெலும்பு முளைக்கும் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் எக்காரணம் கொண்டும் பணம் கட்டாதீர்கள்.

பட்டியலில் சொல்லப்படாத போட்டியாளர்

மூன்று ஊசிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. ஊசியைப் பிசியோதெரபியோடு ஒப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு அது. 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்குப் பிசியோ. வலியும் முடக்கமும் சேர்ந்த 240 புள்ளி அளவில் இரு பிரிவும் 107, 108 என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் தொடங்கினார்கள். ஓராண்டு கழித்து ஊசிப் பிரிவு 55.8-ல் நின்றது, பிசியோ பிரிவு 37-க்கு இறங்கியிருந்தது. எடையும் அப்படித்தான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் இறங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது.

வலி தாங்காமல் துடிப்பவரிடம் போய்ப் பயிற்சி செய் என்றால் எரிச்சல்தான் வரும். காலை மடக்கவே முடியாதவர் எப்படிச் செய்வார்? அங்கேதான் ஸ்டீராய்டு ஊசி தன் உண்மையான வேலையைச் செய்கிறது. வீக்கம் வற்றி வலி இறங்கும் ஆறேழு வாரத்தில் தொடையின் முன்பக்கத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுவாக்கிக்கொண்டால், ஊசி தீர்ந்த பிறகும் அந்தத் தசை முட்டியைத் தாங்கும். வலி போய்விட்டது என்று பழையபடி உட்கார்ந்தே இருந்தால் பத்தாவது வாரத்தில் அதே இடத்துக்குத்தான் திரும்புவோம். ஊசிக்கு நாள் குறிக்கும்போதே, ஒரு வாரம் தள்ளிப் பிசியோவுக்கும் நாள் குறித்துவிடுங்கள்.

வயதும் இதயமும் இடம் கொடுக்காமல் அறுவைக்குத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட, 4-ம் கிரேடு முட்டிக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. முட்டியிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் சிறு நரம்புகளை முதலில் மரக்கவைத்துப் பார்த்து, வலி குறைந்தால், ரேடியோ அலைச் சூட்டால் அவற்றைச் செயலிழக்கச் செய்வது. பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிவாரணம் தருகிறது. நரம்பு மறுபடி வளர்ந்தால் வலியும் திரும்பும். ஜெல், பி.ஆர்.பி. என்று அலையும் முதியவர்களின் பிள்ளைகள் இதைப் பற்றி வலி சிகிச்சை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

எந்த ஊசியானாலும், போட்ட பிறகு ஓரிரு நாள் முட்டிக்கு ஓய்வு கொடுங்கள். வலி இரண்டு மூன்று நாளில் தணியாமல் நாளுக்கு நாள் ஏறினாலோ, முட்டி சிவந்து கொதித்தாலோ, காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலோ காத்திருக்காதீர்கள். தொற்று பல ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் சில நாட்களிலேயே மூட்டைக் குலைத்துவிடும். போட்ட இடத்துக்கே திரும்பிப் போக முடியாவிட்டால் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். எந்த மருந்தை, எந்தத் தேதியில், எந்த முட்டியில், எத்தனை மில்லிகிராம் போட்டார்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழேயே வலி எத்தனை வாரம் குறைந்திருந்தது என்றும் நீங்கள் குறித்து வாருங்கள். அடுத்த ஊசி வேண்டுமா, எது வேண்டும் என்று மருத்துவர் கேட்கும்போது அந்தக் காகிதத்தை அவரிடம் நீட்டலாம்.